இறக்கிவிட்டவள்

அத்தியாயம் 9

மன்னிப்பை மகள் காலையிலேயே எழுதி முடித்திருந்தாள்.

அவளுக்கு அது புதிதல்ல. ஒரு ஹோட்டல் அலுவலகத்தில் உட்கார்ந்து, தங்கிப்போனவர்கள் இணையத்தில் எழுதும் குறைகளுக்குப் பதில் எழுதுவதுதான் அவள் வேலை. வெந்நீர் வரவில்லை. தலையணையில் முடி. பக்கத்து அறையில் குறட்டை. எல்லாவற்றுக்கும் வருந்துவாள். சம்பளத்துக்கு வருந்துகிறவள் என்று வீட்டில் கிண்டல் உண்டு.

இன்று அம்மாவுக்காக வருந்தியிருந்தாள்.

"படிச்சுப் பாரும்மா. நாலே வரிதான். கேமரா முன்னால நின்னு இதை அப்படியே சொல்லிடு. நான் எடுத்துப் போட்டுடறேன்."

அம்மாவை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் காகிதத்தைக் கையில் எடுத்தாள். உரக்கப் படித்தாள்.

"'அன்றைய நிகழ்வால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் மனப்பூர்வமாக வருந்துகிறேன்.' என்னடி இது? ரூம்ல ஏசி ஓடலையா?"

"விளையாடாதம்மா. சாயங்காலத்துக்குள்ள வீடியோ போகலைன்னா பஸ் கம்பெனி வேலை கையை விட்டுப் போயிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லு."

"தெரிஞ்சதாலதான் சொல்லலை."

பிரச்சினை ஒரு சின்ன வீடியோ. அதில் ஓர் இளம்பெண் சாலையோரம் நின்று அழுகிறாள். பக்கத்தில் எல் போர்டு மாட்டிய கார். உள்ளே டீச்சர், கையைக் கட்டிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி. அவ்வளவுதான். எடுத்தது யாரென்று தெரியாது. மேலே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: 'காசும் வாங்கிக்கொண்டு நடுரோட்டில் இறக்கிவிடும் டீச்சர்.'

ஒரே வாரத்தில் அது ஊர் தாண்டிப் போயிற்று. அவள் காரில் ஏறாதவர்கள் எல்லாம் இணையத்தில் அவளுக்கு ஒற்றை நட்சத்திரம் குத்தினார்கள். பாதி மாணவர்கள் நின்றுவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பா தினமும் எழுதினார். டீச்சரின் உரிமத்தைப் பிடுங்கும்வரை ஓயமாட்டேன் என்றார். அதற்கு ஆயிரம் பேர் கை தட்டினார்கள்.

பஸ் கம்பெனி புதிதாகச் சேரும் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தர டீச்சரைத் தேர்ந்தெடுத்திருந்தது. பல வருடங்களாக அவள் கேட்டுக்கொண்டிருந்த வேலை. இப்போது மன்னிப்பு வீடியோ வேண்டும் என்கிறார்கள். இன்று கடைசி நாள்.

வீடியோவுக்கு முன்னால் நடந்தது, அந்தப் பெண்ணைத் தவிர, வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். காருக்குள் இருந்த கேமராவில் அது பதிவாகியிருந்தது. அந்தப் பெண் ஓட்டிக்கொண்டே மடியிலிருந்த போனைப் பார்த்தாள். எதிரே ஒருத்தி குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். டீச்சர் தன் பக்கம் இருந்த இன்னொரு பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது. தள்ளுவண்டி தப்பியது.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. நடந்து போகிறவர்கள் எதிரில் இருக்கும்போது அவள் பிரேக்கை மிதிக்க வேண்டிவந்தால், ஓட்டியவர் இறங்க வேண்டும். நடப்பவர்கள் நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும். வருகிற வண்டிகளைப் பார்க்க வேண்டும். போதும் என்று டீச்சர் சொன்ன பிறகுதான் மறுபடி ஏறலாம். அவளிடம் கற்ற ஒரு வங்கி மேலாளரும் நின்றிருக்கிறார். டீச்சரின் மகளும் நின்றிருக்கிறாள்.

"சரி, மன்னிப்பு வேண்டாம்," என்றாள் மகள். "கார் கேமரால இருக்கறதைப் போட்டுடலாம். ஒரே நிமிஷத்துல எல்லாரும் வாயை மூடிக்குவாங்க."

"மூடிக்கமாட்டாங்க. அந்தப் பொண்ணு பக்கம் திரும்புவாங்க."

"திரும்பட்டுமே. தப்பு அவளோடதுதானே?"

"அதுக்குத்தான் இறக்கிவிட்டேன். தண்டனை முடிஞ்சுபோச்சு."

டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வாசலில் அவள் கணவர் கார்மேல் ஏதோ கட்டிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சாதுவான மனிதர். காரின் கூரையிலிருந்த பெயர்ப்பலகைமேல் பழைய போர்வை ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்.

"என்ன இது?"

"வெயில்."

"இத்தனை வருஷம் அடிக்காத வெயிலா?"

"ரெண்டு நாளைக்குத்தான். சும்மா எதுக்கு எல்லார் கண்ணுலயும் பட்டுக்கிட்டு..."

"நீங்க கண்ணாடி விக்கறவர். கண்ணுல படணும்னுதானே கடை வெச்சிருக்கீங்க?"

டீச்சர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அது இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். போர்வையை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"நான் எதையும் திருடிட்டு வரலை," என்றாள்.

காலையில் ஒரே ஒரு வகுப்பு. அதுவும் புது ஆள். ஒரு தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்ததும் சிரித்தார்.

"உங்களைப் பத்திப் படிச்சேன் டீச்சர்."

டீச்சர் காத்திருந்தாள். இந்த வாரம் இந்த வாக்கியத்துக்குப் பிறகு நல்லது எதுவும் வந்ததில்லை.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க."

"என்னையா?"

"உங்களைத்தான். திட்டவே மாட்டீங்களாமே. எனக்கு அதான் வேணும். நான் கொஞ்சம் பயந்த ஆளு."

போனை நீட்டினார். டீச்சர் வாங்கிப் பார்த்தாள். நேற்று வரைக்கும் ஒற்றை நட்சத்திரங்களாக இருந்த இடத்தில், அடுக்கடுக்காக ஐந்து நட்சத்திரங்கள்.

'ஏறி உட்கார்ந்ததுமே முதுகுவலி பறந்துவிட்டது.'

'உடலின் வளைவுகளுக்கு ஏற்றபடி கற்றுத் தருகிறார். மென்மை, அதே சமயம் உறுதி.'

'குழந்தைகள் குதித்தாலும் தாங்கும். நம்பகமான பயிற்சி. ஐந்தே நாளில் லைசென்ஸ்.'

டீச்சர் இரண்டு முறை படித்தாள்.

"அஞ்சு நாள்ல வந்துடும்தானே டீச்சர்?"

"வராது."

"போட்டிருக்கே."

"பொய். அஞ்சாவது நாள் நீங்க கண்ணாடி பார்க்கக் கத்துக்கிட்டிருப்பீங்க."

"திட்டமாட்டீங்கன்னு..."

"அதுவும் பொய். திட்டுவேன். ஊசி இறங்கற இடத்துல விரலை வெச்சா நீங்க உங்க ஆளைத் திட்டமாட்டீங்களா?"

தையல்காரர் அளவு நாடாவை ஒரு முறை கழுத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்," என்று இறங்கினார். கதவை மிக மெதுவாகச் சாத்தினார்.

அது சரியாகச் சாத்தவில்லை. டீச்சர் எட்டி இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை மெத்தைக் கடைக்கு விட்டாள்.

மெத்தைக் கடையில் அவள் கணவரின் தம்பி விற்பனையாளர். குடும்பத்தில் அவனுக்கு ஸ்பிரிங் என்று பெயர். கீழே தள்ளினால் எழுந்துவிடுவான்.

"அண்ணி! வாங்க வாங்க. உக்காருங்க. எதுல வேணும்னாலும் உக்காருங்க, எல்லாம் நம்மதுதான்."

"நின்னே பேசறேன். 'உடலின் வளைவுகளுக்கு ஏற்றபடி.' யார் எழுதினது?"

ஸ்பிரிங்கின் முகத்தில் பெருமை வந்தது. பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தான். பெருமை போனது.

"அது வந்து... நம்ம கடைப் பசங்க எல்லாருமே ஆளுக்கொண்ணு எழுதினாங்க அண்ணி. உங்க மேல அவ்வளவு மரியாதை."

"இவங்கள்ல ஒருத்தராவது என் வண்டியில ஏறியிருக்காங்களா?"

"நான் ஏறியிருக்கேன்."

"ஏறினே. டெஸ்ட்டுல தேறினியா?"

"அது வேற கதை."

"'முதல் முயற்சியிலேயே வெற்றி'ன்னு சொந்தப் படத்தோட எழுதியிருக்கே. அதுக்குக் கீழ ஒருத்தர் என்ன கேட்டிருக்கார் பார்த்தியா?"

பார்க்கவில்லை. டீச்சர் காட்டினாள். 'அண்ணே, நீங்க தினமும் என்கூட பஸ்லதானே வர்றீங்க?' அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள். அதற்கும் கீழே இன்னொருவர்: 'டீச்சர் காசு கொடுத்துப் புகழ்ச்சி வாங்கறாங்க போல.'

ஸ்பிரிங் ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தான். அது அவனை லேசாகத் தூக்கிப் போட்டது.

"யார் சொல்லி எழுதினே?"

அவன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான்.

"பாப்பாதான். நாலு நல்ல வார்த்தை எழுதுங்க சித்தப்பான்னு சொல்லுச்சு. எனக்குத் தெரிஞ்ச நல்ல வார்த்தை இதுதான் அண்ணி."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தம்பி, திட்டறவங்க அரைகுறையாத் தெரிஞ்சாலும் என்னைத்தான் திட்டறாங்க. நீங்க எல்லாரும் சேர்ந்து வேற யாரோ ஒருத்தியைப் புகழ்ந்து வெச்சிருக்கீங்க. அவளை நம்பி ஆள் வருது. வந்தா உள்ள நான் உக்காந்திருக்கேன்."

"அழிச்சிடவா?"

"இப்பவே. எல்லாரும். என் கண்ணு முன்னால."

கடை ஆட்கள் வரிசையாக மெத்தைகளில் உட்கார்ந்து போனைத் தடவினார்கள். வாங்க வந்திருந்த ஒரு தம்பதி, ஏதோ தள்ளுபடி போலிருக்கிறது என்று தாங்களும் உட்கார்ந்தார்கள்.

ஐந்து நட்சத்திரங்கள் மறைந்தன. பழைய ஒற்றை நட்சத்திரங்கள் மேலே வந்தன.

"இப்ப இது பார்க்க நல்லாவா இருக்கு?" என்றான் ஸ்பிரிங்.

"நல்லா இல்லை," என்றாள் டீச்சர். "ஆனா என்னோடது."

பஸ் கம்பெனி அதிகாரியின் அறை மாடியில் இருந்தது. கீழே பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தது. அதிகாரி பயிற்சிப் பிரிவைப் பார்ப்பவர். தாமும் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர்தான்.

"வீடியோ வரலையே டீச்சர்."

"வராது."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு மன்னிப்புல என்ன குறைஞ்சிடப் போறீங்க?"

"செய்யாத தப்புக்குக் கேட்டா, நாளைக்கு உங்க டிரைவர் தப்பு செய்யும்போது இறக்கிவிட எனக்கு வாய் வராது."

"நான் உங்க பக்கம்தான். ஆனா உங்க பேரைப் போட்டுத் தேடினா முதல் பக்கம் முழுக்க அந்த வீடியோதான். மேல இருக்கறவங்க அதைத்தான் பார்க்கறாங்க."

"என்னைத் தேர்ந்தெடுத்தப்போ தேடிப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"பின்ன எப்படி எடுத்தீங்க?"

"உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க ரோட்டுல ஓட்டறதைப் பார்த்து."

"அவங்க இன்னைக்கும் அப்படித்தான் ஓட்டறாங்க."

அதிகாரி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. குரலைத் தாழ்த்தினார்.

"சரி. மன்னிப்பு வேண்டாம். எதுக்கு இறக்கிவிட்டீங்கன்னு ஒரே ஒரு வரி சொல்லுங்க. காரணம் இல்லாம நீங்க செய்யமாட்டீங்க. அந்த ஒரு வரியை வெச்சு நான் மேல பேசிடறேன்."

வேலைக்கான கதவு திறந்திருந்தது. உள்ளே போகவேண்டியதுதான். டீச்சர் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"மேல பேசினா அது வெளிய வருமா?"

"வரும். வந்தாத்தானே உங்களுக்கு நல்லது?"

"அப்ப சொல்ல முடியாது."

"டீச்சர், பிடிவாதத்துக்கு ஒரு அளவு இருக்கு."

"அந்தப் பொண்ணுக்கு இருபது வயசுகூட ஆகலை. இந்த வாரம் முழுக்க நான் கேட்ட வசவை அவளும் கேட்கணுமா? எனக்குத் தோல் தடிச்சுப்போச்சு. அவளுக்கு இல்லை."

அவர் ஜன்னலை மறுபடி திறந்தார். பிறகு, வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டீச்சர் படியிறங்கினாள். கழுவி நிறுத்தியிருந்த பஸ்களுக்கு நடுவே நடந்தாள். ஒரு பஸ்ஸின் பக்கவாட்டைக் கையால் தொட்டுப் பார்த்தாள். ஈரம். கையைத் துடைத்துக்கொண்டு கார் கதவைத் திறந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"போச்சா?"

"போச்சு."

மகள் போனை எடுத்தாள். "கார் கேமரா வீடியோ என்கிட்ட இருக்கு. நேத்தே எடுத்து வெச்சிருக்கேன். ஒரு தட்டு தட்டினா போதும். நாளைக்குக் காலையில அவங்களே உன்னைக் கூப்பிடுவாங்க."

"தட்டிப் பாரு."

"மிரட்டாதம்மா!" மகளின் குரல் உயர்ந்தது. "நீ பெரிய மனுஷியா இருக்கணும்னு நாங்க எல்லாரும் சேர்ந்து அடிபடணுமா? என் ஆபீஸ்ல கேட்கறாங்க. அப்பா கடையில கேட்கறாங்க. நாளைக்கு நீயும் நானும் இல்லாமப் போனாலும் அந்த வீடியோ இருக்கும். நீ கையைக் கட்டிக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருப்பே. அவ அழுதுக்கிட்டிருப்பா. ஒரு பொண்ணு அப்படி அழறப்போ உனக்குக் கையைக் கட்டிக்கிட்டு உக்காரத் தோணுச்சா?"

"நடுங்கிச்சு."

"என்னது?"

"கை. நிக்காம நடுங்கிச்சு. அந்தக் குழந்தை தள்ளுவண்டியில சிரிச்சுக்கிட்டே போச்சு. நான் நடுங்கறதை அவ பார்த்தா அப்புறம் ஸ்டீயரிங்கையே தொடமாட்டா. அதான் கட்டிக்கிட்டேன்."

மகள் போனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து அப்பா வந்து கதவருகே நின்றார். எவ்வளவு கேட்டாரென்று தெரியவில்லை.

மகள் கார் கேமரா வீடியோவை அழித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அலுவலகக் குரலில் கேட்டாள்.

"சரி. இப்ப என்ன செய்யணும்? சொல்லு. சும்மா விட்டா அவனுங்க சொல்றதுதான் நிக்கும்."

"எல்லாத்துக்கும் பதில் போடு. நான் சொல்றதை மட்டும் எழுது."

மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"'கத்துகிறார்.'"

"ஆமாம். கண்ணாடி ஏற்றியிருந்தாலும் கேட்கும்."

மகளின் விரல்கள் பழக்கத்தில் ஓடின.

"என்ன அடிச்சே? படி."

"'தங்கள் கருத்துக்கு நன்றி. ஆமாம்...'"

"நன்றியை அழி."

"நன்றி சொன்னா என்னம்மா?"

"நன்றி இல்லையே."

அழித்தாள். அடுத்தது. "'மாதக்கணக்கில் கற்றும் இன்னும் டெஸ்ட்டுக்கு அனுப்பவில்லை.'"

"நீங்கள் இன்னும் இடதுபக்கக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்ததும் அனுப்புவேன்."

"'திமிர் பிடித்தவள்.'"

"என் கணவரின் கருத்தும் அதுவே."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் அப்பா.

"மனசுக்குள்ள."

மகள் சிரித்தாள். ஒரு வாரத்தில் அந்தக் கூடத்தில் முதல் சிரிப்பு.

"'இவரிடம் போய் ஏமாந்துவிட்டேன்.' இதை எழுதினவர் யாரும்மா?"

"தெரியலை. நீங்கள் வந்ததே இல்லையே, ஒரு நாள் வாருங்கள்னு எழுது."

கடைசியில் ஊர் பார்த்த அந்த வீடியோவுக்கான பதில் மட்டும் மீதியிருந்தது. டீச்சர் காரில் போய் உட்கார்ந்தாள். மகள் எதிரே நின்று போனைப் பிடித்தாள்.

"எழுதித் தரவா?"

"வேண்டாம். முகம் நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

டீச்சர் பேசினாள்.

"அந்த வீடியோவில் இருப்பது நான்தான். இறக்கிவிட்டேன். ஏன் என்று சொல்லமாட்டேன். அது எனக்கும் என் மாணவிக்கும் நடுவில் இருப்பது. மன்னிப்பு கேட்கும்படி நான் எதுவும் செய்யவில்லை. அப்படி ஒரு நாள் திரும்ப வந்தால் திரும்ப இறக்கிவிடுவேன். வகுப்புகள் வழக்கம்போல நடக்கும்."

அவ்வளவுதான். மகள் அதை அப்படியே போட்டாள். எதையும் வெட்டவில்லை.

வசவு உடனே வந்தது. முன்பைவிட வேகமாக. திமிரைப் பார், துணிச்சலைப் பார், விடக்கூடாது. அந்தப் பெண்ணின் அப்பா பெரிய எழுத்துகளில் எழுதினார். நடுவே அந்த வங்கி மேலாளர், 'நானும் நின்றிருக்கிறேன், இன்றுவரை நன்றாக ஓட்டுகிறேன்' என்று எழுதினார். அவர்மேலும் பாய்ந்தார்கள்.

"இதைப் படிச்சா ராத்திரி தூக்கம் வருமா?" என்றார் அப்பா.

"உங்க தம்பி ஒரு மெத்தை தரேன்னு சொன்னான்," என்றாள் டீச்சர். எழுந்து முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் டீச்சரின் போன்.

"அம்மா. அவதான்."

"யாரு?"

"அந்தப் பொண்ணு. தனியா அனுப்பியிருக்கா."

டீச்சர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

'டீச்சர், நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கா?'

மகள் அவள் தோள்வழியாக எட்டிப் பார்த்தாள். டீச்சர் ஒற்றை விரலால் தட்டினாள்.

'இருக்கு. அதே ரோட்டுக்குத்தான் போகிறோம்.'

பதில் உடனே வரவில்லை. மூன்று புள்ளிகள் தோன்றின. மறைந்தன. மறுபடி தோன்றின.

'அப்பாவும் வருவேன்னு நிக்கறார். ரொம்பக் கோபமா இருக்கார். என்ன நடந்ததுன்னு அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லலை.'

"வேண்டாம்மா," என்றாள் மகள். "அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லு. நாளைக்கு நடுரோட்டுல சண்டை பிடிப்பார். அதையும் யாராவது படம் எடுப்பாங்க."

டீச்சர் கேட்டுக்கொண்டாள். பிறகு தட்டினாள்.

'வரட்டும். பின் சீட்டில் உட்காரட்டும். நீ ஓட்டு.'